வாசனை போன மூக்கோடு சமைப்பதும், அந்த மூக்கைப் பழக்கி எடுப்பதும்

முதலில் போயிருப்பது மூக்கா நாக்கா என்று பிரித்துப் பாருங்கள். வைரஸ் காய்ச்சல் விட்ட பிறகு "வாயில எதுவுமே தெரியல, எல்லாம் சக்கை மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நாக்கு நன்றாகத்தான் இருக்கும். நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்று ஜப்பான்காரர்கள் பெயர் வைத்த அந்தத் தக்காளி, காளான், கறிச்சாறு ருசி. அவ்வளவுதான். சாம்பாரைச் சாம்பாராகவும் ரசத்தை ரசமாகவும் காட்டுவது, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனை. அது போனால் ரசம் வெறும் புளிப்புத் தண்ணீர்.

எனக்குத் தொழில் மதுரையில் வீட்டோடு மசாலாப் பொடி வறுத்து அரைத்து விற்பது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, கறி மசாலா. 2021 இரண்டாம் அலையில் கொரோனா வந்து, காய்ச்சல் இறங்கியபோது மூக்கு வேலை செய்யவில்லை. சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. பெருங்காய டப்பாவைத் திறந்து முகத்தோடு வைத்தாலும் ஒன்றும் இல்லை. மூக்கை வைத்துப் பிழைப்பவள் என்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். காது மூக்கு தொண்டை டாக்டரைக் கேள்வி கேட்டே ஓய வைத்தேன். அதில் உருப்படியாக இருந்ததை எழுதுகிறேன். கொரோனாவுக்கு மட்டும் இல்லை, சாதாரண சளி, ஃப்ளூ வைரஸுக்குப் பிறகு மூக்கு போனவர்களுக்கும் இதேதான். அவர்கள் கொரோனாவுக்கு முன்பும் இருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், பிறகு உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், கடைசியில் வெந்தயம் ஊறிய தண்ணீர். நடுநடுவே வாய் கொப்பளியுங்கள். நான்கும் சரியாகத் தெரிந்தால் நாக்கு தப்பித்தது. அடுத்தது மூக்கு: காப்பித்தூள், கீறின எலுமிச்சைத் தோல், பெருங்காயம், குளியல் சோப்பு. கண்ணை மூடியபடியே, ஒரு துவாரத்தை அடைத்துக்கொண்டு மற்றதில் ஒவ்வொன்றாக. ஒரு பக்கம் மட்டும் தெரியவில்லை என்றால் அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைக்கு விக்ஸ், அமிர்தாஞ்சன், மிளகாய், வெட்டின வெங்காயம் எதையும் எடுக்காதீர்கள். இவை கிளப்பும் குளிர்ச்சியும் எரிச்சலும் முகத்துக்கு உணர்வு கொடுக்கிற வேறொரு நரம்பின் கணக்கு. என் மூக்கு சுத்தமாகப் போயிருந்த நாட்களிலும் மிளகாய் வறுத்தால் வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து நானும் இருமினேன், தும்மினேன், கண்ணில் தண்ணீர் விட்டேன். "நெடி தெரியுதுல்ல அத்தை, அப்ப வந்துருச்சு" என்றாள் மருமகள். வரவில்லை. நம் அறுசுவையில் இருக்கிற கார்ப்பும் துவர்ப்பும் இப்படித்தான், சுவை மொட்டை விடத் தொடு உணர்வைச் சேர்ந்தவை. உறைப்பை உணர்கிற ஏற்பியை, அதாவது நரம்பு நுனியில் அதைப் பிடித்துச் சேதி சொல்கிற புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்; அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது மிளகாயின் காப்சைசின். மிளகாய்க்காரி என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கொரோனாவில் சிலருக்கு நாக்கும் உறைப்பும்கூடச் சேர்ந்து மங்கியது உண்மை. ஆனால் நாக்கின் சுவை அணுக்கள் இரண்டு வாரத்துக்குள் புதிதாக முளைத்துவிடுகிறவை. இழுத்தடிப்பது மூக்குதான்.

மற்ற எதற்கும் முன்னால் சிலிண்டர்

வாசனை போனவர்கள் முதல் நாளே செய்யவேண்டியது சமையலறைப் பாதுகாப்பு. எல்.பி.ஜி வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே அழுகின முட்டைக்கோஸ் போல நாறுகிற எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். நம் மூக்குக்கு அது போய்ச் சேராது.

கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தங்கும். அதனால் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் மாட்டவேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் அழகாகத் தெரியும் என்று உத்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டப் பார்த்தார். இரவு ரெகுலேட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். ரப்பர் குழாயில் அச்சடித்திருக்கிற தேதியைப் பார்த்து, காலம் கடந்திருந்தால் மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் சோப்பு நுரையைக் குழாய் இணைப்பில் தடவுங்கள், குமிழி கிளம்பினால் கசிவு. அப்போது சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கேஸ் கசிவுக்கென்றே நாடு முழுக்க இருக்கிற எண் அது.

அடுத்து சாப்பாடு. ஊசிப்போன சாம்பாரைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம்: ஓரத்தில் பொடி நுரை கட்டியிருக்கும், கரண்டியில் எடுத்து ஊற்றினால் நூல் விடும். தேங்காய்ச் சட்னி கையில் கொழகொழவென்று ஒட்டும். பால் திரிந்ததா என்று கொஞ்சம் காய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோசை மாவின் புளிப்பை நாக்கே சொல்லும். மீனும் கறியும்தான் ஆபத்து. தனியாக இருப்பவர்கள் மீன் வாங்கினால் அன்றே சமைத்து அன்றே முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கிற டப்பாவில் எல்லாம் தேதி எழுதி ஒட்டுங்கள். நான் பொடிப் பாக்கெட்டுக்கு ஒட்டுகிற சீட்டையே ஒட்டினேன்.

இன்னொன்று, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள்: தன் வியர்வை வாடை தனக்குத் தெரியாது. தினம் துணி மாற்றுகிறோம், குளிக்கிறோம் என்று தெரிந்தும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தால் சந்தேகம் வரும். அதற்காக சென்ட்டை அள்ளிப் பூசாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

யார் டாக்டரிடம் போகவேண்டும்

சளியோ காய்ச்சலோ வந்து அதோடு போன வாசனை இரண்டு மூன்று வாரத்தில் திரும்பத் தொடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் மெல்ல மெல்லக் குறைந்தது, தலையில் அடிபட்ட பிறகு போனது, ஒரே பக்கம் அடைப்பும் ரத்தமும் இருப்பது, கை நடுக்கம், ஞாபக மறதியோடு சேர்ந்து வருவது, இவையெல்லாம் இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை, உடனே போகவேண்டியவை. மூக்கினுள் சதை வளர்ந்து வாசனை போவதும் உண்டு, அதற்கு வைத்தியம் வேறு.

வைரஸ் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்த பிறகுதான் எனக்குப் பொறுமை வந்தது. இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் கூரையில் ஒரு சின்னப் படலம் இருக்கிறது. வாசனை நரம்பணுக்கள் அதில்தான் நிற்கின்றன. நமக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள். அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991 இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004 இல் நோபல் கிடைத்தது. கொரோனா வைரஸ் பெரும்பாலும் இந்த நரம்பணுக்களை நேராகத் தாக்குவதில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று தாங்குகிற துணை அணுக்களுக்குள்தான் புகுகிறது. துணை விழுந்ததும் நரம்பணுவும் வேலையை நிறுத்திவிடுகிறது. நல்ல சேதி என்னவென்றால், படலத்தின் அடியில் இருக்கிற தாய் அணுக்களிலிருந்து புதிய வாசனை நரம்பணுக்கள் ஆயுள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். புதிதாக முளைத்தது மூளை வரை போய் சரியான இடத்தில் இணையவேண்டும். அதற்கு நாளாகும்.

எவ்வளவு நாள்? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் பி.எம்.ஜே மருத்துவ இதழில் வந்த கட்டுரையின்படி, கொரோனாவில் வாசனை இழந்தவர்களில் ஒரு மாதத்தில் சுமார் 74 சதவீதம் பேருக்கும், மூன்று மாதத்தில் 90 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்தில் ஏறக்குறைய 96 சதவீதம் பேருக்கும் திரும்பிவிட்டது. மிச்சம் இருக்கிற அந்த நாலைந்து சதவீதத்தில் நான் இருந்தேன். உலகம் முழுக்க எண்ணினால் அது பெரிய கூட்டம்.

பயிற்சி: நான்கு குப்பிகள்

வைரஸால் போன வாசனைக்கு, செலவும் ஆபத்தும் இல்லாமல், ஓரளவு நிரூபணமும் இருக்கிற ஒரே காரியம் முகர்தல் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹும்மெல் குழு 2009 இல் இதை எழுதியது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, பன்னிரண்டு வாரம் முகர வைத்தார்கள். பயிற்சி செய்த 40 பேரில் பத்துக்கு மூன்று பேர் என்ற கணக்கில் முன்னேற்றம்; செய்யாதவர்களில் அவ்வளவு இல்லை. பத்துக்கு மூன்று என்பது அதிசயம் இல்லை. ஆனால் மாத்திரை எதற்கும் இந்த அளவுகூடக் காட்டமுடியவில்லை.

நான்கும் நம் ஊரில் சல்லிசாகக் கிடைப்பவை. பெரிய கடைகளில் பயிற்சிப் பெட்டி என்று விலை போட்டு விற்கிறார்கள், வேண்டாம். காலி மருந்துக் குப்பி நான்கு எடுத்து வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய வாடை போய்விட்டதா என்று வீட்டில் மூக்கு நன்றாக இருக்கிறவரை முகரச் சொல்லுங்கள். பழுப்புக் கண்ணாடிக் குப்பி நல்லது, வெளிச்சம் படாமல் எண்ணெய் நாள்பட இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பஞ்சு. ஒன்றில் ரோஜா எண்ணெய் சில சொட்டு. பன்னீர் வேண்டாம், அதில் வாசனை மெலிது, சீக்கிரம் ஓடிவிடும். இரண்டாவதில் நீலகிரித் தைலம். மூன்றாவதில் எலுமிச்சை எண்ணெய். கிடைக்காவிட்டால் தினமும் புதிதாகச் சீவின தோல், வெள்ளைப் பகுதி இல்லாமல். நான்காவதில் கிராம்பு எண்ணெய். எண்ணெய் இல்லாமல் கிராம்பையே போடுகிறவர்கள் அன்றன்றைக்கு இரண்டு மூன்றை நசுக்கிப் போடுங்கள். கடையில் வாங்குகிற கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசியவேண்டும். கசியவில்லை என்றால் எண்ணெய் எடுத்த சக்கையை விற்றிருக்கிறார்கள், அதை முகர்ந்து பலன் இல்லை. குப்பியின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். எண்ணெயை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

செய்முறை இதுதான். சமையலறையில் உட்காராதீர்கள், அங்கே ஏற்கெனவே ஆயிரம் வாடை. காலையில் பல் துலக்கி, காப்பிக்கு முன்னால். இரவு படுக்கப்போகும் முன். குப்பியைத் திறந்து மூக்கிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடியுங்கள். நீளமாக இழுக்காதீர்கள். முயல் மூக்கை ஆட்டுவதுபோல் சின்னச் சின்னதாக, இருபது விநாடி வரை. மூடிவிட்டு, இரண்டு மூச்சு சும்மா விட்டு, அடுத்ததை எடுங்கள். நான்கும் முடிய மூன்று நான்கு நிமிஷம் ஆகும்.

மூக்கு அதைச் செய்யும்போது மனசும் கூட இருக்கவேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டி.வி பார்த்துக்கொண்டு முகர்ந்தால் பயன் குறைவு. ரோஜாக் குப்பியை எடுத்தால் பெயரைப் படித்து, ரோஜா என்றால் எப்படி இருக்கும் என்று நினைவில் தேடுங்கள். எனக்கு ரோஜா என்றால் கல்யாண மண்டப வாசலில் தெளிக்கிற பன்னீர்ச் செம்பு, கிராம்பு என்றால் பிரியாணிக்குத் தாளிக்கிற நேரம். முகரும்போது அதை நினைத்துக்கொள்வேன். முதலில் நீண்ட நாட்கள் வெறும் காற்றுதான். பிறகு ஒருநாள் நீலகிரித் தைலத்தில் குளிர்ச்சி மட்டும் தெரியும் (அது வாசனை இல்லை, முன்னே சொன்ன வேறு நரம்பு). பிறகு கிராம்பில் ஏதோ ஒன்று, என்ன என்று சொல்லமுடியாத ஒன்று, வந்து வந்து மறையும். அதுதான் தொடக்கம். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு வையுங்கள். மூக்கு திரும்புவது அவ்வளவு மெதுவாக இருக்கும் என்பதால் நோட்டு இல்லாவிட்டால் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாது.

பன்னிரண்டு வாரத்தோடு நிறுத்தவேண்டாம். துருக்கியில் அல்துண்டாக் என்ற டாக்டர் குழு 2015 இல் காட்டியது, பயிற்சியை ஒன்பது மாதம் வரை நீட்டி, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாசனைகளை மாற்றினால் பலன் கூடுகிறது என்று. அவர்களுடைய இரண்டாவது வரிசை மெந்தால், தைம் என்ற மூலிகை, டேஞ்சரின் ஆரஞ்சு, மல்லிகை. தைமுக்குப் பதில் நான் ஓமம் கசக்கிப் போட்டேன், இரண்டிலும் தைமால் என்ற ஒரே சரக்குதான் இருக்கிறது. டேஞ்சரினுக்குக் கமலா ஆரஞ்சுத் தோல். மல்லிகைக்கு எண்ணெய் வாங்க மதுரைக்காரிக்குக் கை வருமா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மொட்டாக வாங்கி, சாயங்காலம் விரியும்போது முகர்ந்தேன்.

மூக்கில்லாமல் வறுப்பது எப்படி

எனக்குத் தொழில் நிற்க முடியாது. சமைக்கிற எல்லாருக்கும் இது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வறுவலில் பதம் சொல்வது வாசனை என்றுதான் எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தார். காதும் கையும் சொல்லும் என்பதை இப்போதுதான் கவனித்தேன். கொத்தமல்லி விதை வாணலியில் விழுந்தவுடன் மந்தமாகச் சத்தம் போடும். ஈரம் போகப்போக அந்தச் சத்தம் காய்ந்து, கரண்டியில் புரளும்போது கலகலக்கும். ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் நறுக்கென்று உடையவேண்டும். அந்த நேரத்தில் நிறம் ஒரு சாயல்தான் கூடியிருக்கும். இன்னும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கருகியிருக்கும். மிளகாய் வற்றல் உப்பி, தோல் பளபளத்து, காம்பு ஒடிக்கும்போது சட்டென்று முறியும். மிளகும் கடுகும் தாமே வெடித்துச் சொல்லிவிடும். கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் நிறத்தால். வெந்தயம் மட்டும் ஏமாற்றும், சிவப்பு ஒரு நூல் கூடினாலும் கசப்பு ஏறிவிடும். ஒன்றை மென்று பாருங்கள், கசப்பு நாக்கின் விஷயம், அது உங்களைக் கைவிடாது. கட்டிப் பெருங்காயம் எண்ணெயில் பொரிந்து வெளுத்து, விரலில் நொறுங்கினால் ஆயிற்று. அடுப்பை எப்போதும் மிதமாகவே வையுங்கள். பழைய எண்ணெய், பழைய கடலைமாவு சந்தேகம் என்றால் துளி நாக்கில் வையுங்கள். சிக்கு வாடை தெரியாது, ஆனால் தொண்டையில் காறல் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வாசனை இல்லாதபோது மிச்சம் இருப்பவை புளிப்பு, உப்பு, உறைப்பு, சூடு குளிர்ச்சி, மொறுமொறுப்பு. இவற்றை வைத்து விளையாடவேண்டியதுதான். தயிர்சாதத்தில் மாதுளை முத்தும் பொடியாக நறுக்கின மாங்காயும் மோர் மிளகாயும். உப்புமாவுக்கு மேலே வறுத்த வேர்க்கடலை. தக்காளியைச் சுண்டவைத்த தொக்கு, காளான், கருவாடு என்று உமாமி இருப்பவை வாயை நிறைக்கும். எலுமிச்சைச் சாறு கடைசியில் பிழிந்தால் குழம்பு உயிர் பெறும். உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொண்டே போவதுதான் இங்கே வழுக்கும் இடம். பிபி, சர்க்கரை இருப்பவர்கள் மூக்கு போவதற்கு முன் போட்ட அளவை ஸ்பூனால் அளந்தே போடுங்கள். வீட்டில் மற்றவர்களும் அதைத்தான் சாப்பிடப் போகிறார்கள். பசியே எடுக்காமல் இளைத்துப்போகிறவர்கள் மணி பார்த்துச் சாப்பிடுங்கள்.

எல்லாம் நாறத் தொடங்கினால்

சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, பிறகு வாசனை கோணலாகத் திரும்பும். பரோஸ்மியா என்கிறார்கள். எனக்கு ஆடி மாத வாக்கில் தொடங்கியது. காப்பி, எரிந்த ரப்பரும் சாக்கடையும் கலந்த மாதிரி. வதக்கிய வெங்காயம், பூண்டு, முட்டை, கோழி எல்லாவற்றுக்கும் அதே ஒரு நாற்றம். வேறு எதனோடும் ஒப்பிடமுடியாத ஒன்று. பச்சை மல்லி விதையை முகர்ந்தால் சும்மா இருக்கும், அதையே வறுத்தால் குமட்டும்.

ஏன் என்பதற்கு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழு விடை கண்டது. காப்பியில் இருக்கிற எத்தனையோ வாசனைச் சரக்குகளில் ஒரு சிறு கூட்டம்தான் கோளாறு செய்கிறது. கந்தகம் அடங்கிய சில, வறுக்கும்போது உண்டாகிற பைரசின்கள் சில. மிகச் சின்ன அளவிலேயே மூக்குக்குத் தெரிகிறவை அவை. சரியாக இணையாத நரம்புகள் வழியாக அவை மட்டும் முதலில் வந்துவிடுகின்றன, மற்றவை வந்து சேர்ந்து ஈடுகட்டுவதில்லை. வறுப்பதே பிழைப்பாக இருக்கிறவளுக்கு இது வந்ததை என்ன சொல்ல.

இந்தக் கட்டத்தில் சூடாகச் சாப்பிடாதீர்கள், ஆவியோடு வாசனையும் ஏறும். ஆறின சாதம், குளிர்ந்த மோர், வெள்ளரிக்காய், வாழைப்பழம், வெறும் இட்லி, அவல் என்று போகலாம். வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் நம் வீடுகளில் புதிதல்ல, அமாவாசைச் சமையலை வாரம் முழுக்கச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அசைவத்தில் அவித்ததும் ஆவியில் வேகவைத்ததும் பொரித்ததைவிடத் தேவலை. புரதம் குறையாமல் தயிர், பன்னீர், பாசிப்பயறு பார்த்துக்கொள்ளுங்கள். வறுக்கிற வேலையை ஜன்னல் திறந்து வேறு யாராவது செய்யட்டும். நீந்துகிறவர்கள் போடுகிற மூக்குக் கிளிப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் தாங்கமுடியும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பற்பசையும் ஒத்துக்கொள்ளாது, குழந்தைகளுக்கான பழ வாசனைப் பசையை எடுத்துப் பாருங்கள். பயிற்சியை விடாதீர்கள், எந்தக் குப்பி நாறுகிறதோ அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கோணலாகவாவது வந்தது, நரம்பு முளைத்துவிட்டதற்கு அடையாளம் என்று என் டாக்டர் சொன்னார். அந்த நேரத்தில் அவரை அடிக்கத் தோன்றியது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "மனசுதான் காரணம், சாப்பிடு" என்று தட்டில் தள்ளாதீர்கள். சமைத்ததை அவர் தொடாவிட்டால் அது உங்கள் கைக்குறை இல்லை.

செய்யக்கூடாதவை

ஆரஞ்சைத் தோல் கருக நெருப்பில் சுட்டு வெல்லம் சேர்த்துத் தின்றால் வாசனை வரும் என்று ஒரு வீடியோ சுற்றியது. கெடுதல் இல்லை, பலனும் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிப்பதும் நரம்பை முளைக்க வைக்காது. அடைப்பு இல்லாதவருக்கு அதில் கிடைப்பது முகத்தில் சூட்டுக் காயம் மட்டும்தான். துத்தநாகம் கலந்த மூக்கு ஜெல், ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இருந்த வாசனையும் போனதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2009 இல் எச்சரித்திருக்கிறது. மூக்கில் எண்ணெய், மூலிகைச் சாறு என்று ஊற்றச் சொல்கிறவர்களிடமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுவது, ஜலநேதி, சளி இருக்கிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் அல்லாமல் வேறு எதுவும் கூடாது. 2011 இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர், மூளையைத் தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். உப்பின் அளவைக் கண்ணால் போடாமல் மருந்துக் கடையில் விற்கிற பொட்டலத்தையே வாங்குங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையைச் சொந்தமாக வாங்கி விழுங்காதீர்கள். வைரஸால் போன வாசனைக்கு அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. 2021 இல் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்டபடி ஸ்டீராய்டு போய்க் கருப்புப் பூஞ்சை வந்த கதையை நம் ஊர் மறந்திருக்காது. டாக்டர் பார்த்து, மூக்கு கழுவும் தண்ணீரில் ஸ்டீராய்டு மருந்து கலந்து கொடுத்தால் அது வேறு, சொன்னபடி செய்யுங்கள்.

எவ்வளவு காலம் தொடர்வது

ஒன்பது மாதம் பயிற்சி செய்துவிட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் கழித்தும் ஒன்றும் வராதவர்கள் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். இத்தாலியில் கொரோனா நோயாளிகளை வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், இரண்டு வருஷத்துக்குப் பிறகும் சிலருக்குக் கூடிக்கொண்டே போயிருக்கிறது. எனக்குக் கிராம்பும் எலுமிச்சையும் முதலில், பிறகு மல்லிகை, கடைசியில் காப்பி. வறுத்த மல்லி மட்டும் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. அதனால் ரசப்பொடி அரைக்கிற நாளில் கடைசியாக முகர்ந்து பார்த்துச் சரி சொல்வது மருமகள், அதற்குத் தனிக் கூலி கேட்கிறாள், கொடுக்கிறேன்.

மறுபடி சளி பிடித்தால் மூக்கு கொஞ்ச நாள் மங்கும். அது வழக்கமான அடைப்புதானா என்று சளி விட்டதும் அதே நான்கு குப்பியில் சோதித்துப் பாருங்கள். எண்ணெய் பழசாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.